நீங்கள்தி வேண்டும்

கொரியன் காமிக்ஸைத் தமிழ்ப்படுத்துற தொழில்ல வார்த்தைக்கு அர்த்தம் தேடுறது சின்ன வேலை. யாரு யாரை எப்படிக் கூப்பிடணும்னு பஞ்சாயத்து பண்றதுதான் முழுநேர வேலை.

இதைப் படிக்கிறவங்கள்ல யாராச்சும் இதே தொழில்ல மாட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம், பல்லைக் கடிச்சுக்கிட்டே படிப்பீங்க. மத்தவங்களுக்குச் சொல்றேன். செல்போன்ல விரலால தள்ளித் தள்ளிப் படிக்கிற படக்கதை இருக்கு பாருங்க, அதைத்தான் நான் கொரியன்ல இருந்து தமிழுக்குக் கொண்டு வர்றேன். சென்னைக்குப் பக்கத்துல ஒரு கொரியன் கம்பெனியில வேலை பாத்தப்ப பாஷையைக் கத்துக்கிட்டேன். அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப மொரப்பூருக்கே திரும்பி வந்துட்டேன். இப்ப வூட்டுல இருந்தபடியே பெங்களூர்ல இருக்கிற ஒரு செயலிக் கம்பெனிக்கு எழுதறேன்.

கடைசியா என் கையில இருந்தது கங்முங்கிற ஒருத்தனோட கதை. பெரிய எடத்து வாள்வித்தைப் பள்ளியில குதிரை லாயம் கூட்டுறவன். கொரியன்ல மரியாதைப் பேச்சு, சாதாரணப் பேச்சுன்னு ரெண்டு உண்டு, நம்ம நீங்க, நீ மாதிரியேதான். கங்மு எல்லாருக்கும் மரியாதை போட்டுப் பேசுவான், எல்லாரும் அவனை வாடா போடாதான். பாதிக் கதைக்கு மேல ஒரு எபிசோடு வருது. அந்த எடத்துச் சின்ன எசமான் தேயுன், கங்முவோட அம்மாவை அடிக்கக் கை ஓங்கறான். கங்மு அந்தக் கையைப் பிடிச்சு நிறுத்திட்டு, பொறந்ததுல இருந்து மொதல் தடவையா மரியாதையை எடுத்துட்டுப் பேசறான். "நிகா மொந்தே." அதாவது, நீ யாருடா. அந்த 'நி'க்கு அர்த்தம் நம்ம 'நீ'தான், சத்தமும் கிட்டத்தட்ட அதுதான். மொத்தத் தொடர்லயும் மொழிபெயர்க்கவே தேவையில்லாத ஒரே வார்த்தை. அந்த ஒரு கட்டத்துக்காகத்தான் நான் இந்தத் தொடரையே எடுத்தேன். அந்த 'நீ'யைப் பத்திரமா தமிழ்ல கொண்டுபோய்ச் சேர்க்கணும், அவ்வளவுதான் என் ஆசை. அதுக்கு நான் பட்ட பாட்டைக் கேளுங்க.

பொம்மைக்குப் பேச்சு

கம்பைநல்லூர்ல சொந்தக்காரங்க கல்யாணம். பந்தியில பக்கத்து எலையில ஒரு மாமா. என்ன வேலை பண்றேன்னு கேட்டார். கொரியன்ல இருந்து மொழிபெயர்க்கிறேன்னேன். அரசாங்க வேலையான்னு கேட்டார். இல்லீங்க, படக்கதைன்னேன். அப்படின்னா என்னன்னு கேட்டதால, சாம்பார்க் கையைத் தொடச்சுட்டு போனை எடுத்துக் காட்டினேன். ரெண்டு வாள் வீரங்க கூரை மேல பறந்துக்கிட்டு இருந்தாங்க.

அவர் பாயசத்தை ஊத்திக்கிட்டே போனைப் பாத்தார், என்னைப் பாத்தார், மறுபடி போனைப் பாத்தார். எனக்கு ஏதோ நல்ல வார்த்தை வரப்போகுதுன்னு ஒரு நெனப்பு. அவர் சொன்னது: "எழுதினவன் ஒருத்தன், வரைஞ்சவன் ஒருத்தன், நடுவுல நீ எதுக்கும்மா?"

மரண தண்டனை அவர்களே, சாப்பிட வாருங்கள்

எங்க கம்பெனியில மொதல்ல மெஷின் ஒரு தடவை மொழிபெயர்த்துடும். நாங்க அதைத் திருத்தணும். திருத்தறதுன்னா என்ன, மெஷின் வாந்தி எடுத்ததைக் கழுவி விடறது. 'கியோங்கோங்'னு ஒரு வித்தை, ஒடம்பை எலவம்பஞ்சாக்கிக்கிட்டுப் பறக்கிறது. மெஷின் அதைத் தொழிற்சாலை சமாச்சாரம்னு எடுத்துக்கிட்டு, 'அவன் இலகுரகத் தொழில் செய்து மதில் மேல் ஏறினான்'னு எழுதி வெச்சிருந்துச்சு. கடன் வாங்கி மாவு மில்லு வெச்சவன் மாதிரி.

அதைவிடக் கொடுமை 'சாஹ்யோங்'. ஒரே குருகிட்ட படிக்கிறவங்க தனக்கு மூத்த சீடனை அப்படிக் கூப்பிடுவாங்க. அதே உச்சரிப்புல, அதே எழுத்துல இன்னொரு வார்த்தையும் இருக்கு, அதுக்கு அர்த்தம் மரண தண்டனை. மெஷின் ரெண்டாவதைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு சின்னப் பொண்ணு பாசமா ஓடி வந்து 'மரண தண்டனை அவர்களே, சாப்பிட வாருங்கள்'னு கூப்பிடுற மாதிரி பண்ணிடுச்சு. நான் அதை 'அண்ணே'ன்னு மாத்தி அனுப்பினேன்.

தமிழ்ப் பிரிவுக்கு எடிட்டர் ஷ்ரவண், சென்னைப் பையன். என்னைவிட பத்து வயசுக்கு மேல சின்னவன். மொதல் போன்ல நீங்கன்னு பேசினான். ஊர் எது, அப்பா என்ன பண்ணார்னு விசாரிச்சுக்கிட்டதுக்கு அப்புறம் நீ ஆயிடுச்சு, ரோஸ்லின்ங்கிற என் பேரும் ரோஸ் ஆயிடுச்சு. ஃப்ரெண்ட்லியாம். எங்களோடவே எழுதற ரிட்டயர்டு பேராசிரியர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட மட்டும் அந்த ஃப்ரெண்ட்லி வராது, சார், நீங்கதான். நானும் வேலை வேணுமேன்னு சரிங்க, ஆகட்டுங்கன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்த ஷ்ரவண்தான் போன் பண்ணிச் சொன்னான்: "அண்ணேன்னா பெட்டிக்கடை ஃபீல் வருது ரோஸ், மரண தண்டனையே கொஞ்சம் மாஸா இருந்துச்சு."

அடிவயித்துல சக்தி

தொப்புளுக்குக் கீழ ஒரு எடத்துல மூச்சுச் சக்தி சேருதுன்னு இந்தக் கதைகள்ல ஒரு கணக்கு. கொரியன்ல 'தான்ஜோன்'. தமிழ்ல என்ன போடறது? 'தான்ஜோன்'னே போட்டா யாரோ ஆளு பேருன்னு நெனைப்பாங்க. ஷ்ரவண் 'மூலாதாரம்'னான். அது யோகா கிளாஸ் ஆயிடும்னேன். 'நாபிக்கமலம்'னான். வாள் சண்டைக்கு நடுவுல நாபிக்கமலமான்னு எனக்குக் கொதிச்சுது. 'உயிர்ச்சுனை'ன்னு ஒண்ணு யோசிச்சு, ரசிச்சு, அனுப்பி வெச்சேன்.

எபிசோடு திருத்தி வந்தப்ப பாக்கறேன், எல்லா எடத்துலயும் 'அடிவயிறு'. சிம்பிளா இருக்கணுமாம். சண்டை முத்தற நேரம், கங்மு மண்டி போட்டு உக்காந்து, வேர்த்து விறுவிறுத்து, கண்ணை மூடிக்கிட்டு இருக்கான். பக்கத்துலயே பெரிய எழுத்துல, 'என் அடிவயிற்றில் ஏதோ பொங்குகிறது, இனி அடக்க முடியாது!' படத்துக்குள்ள எழுத்து வெக்கிற மனோஜ் சேலத்துல இருக்கான், நல்ல புள்ள. எனக்குப் போன் போட்டு, ரொம்பத் தயங்கி, மரியாதையாக் கேட்டான்: "அக்கா, கங்முவுக்கு வயித்தால போவுதுங்களா?"

ஆதென்டிக் டச்

பெரிய எடத்துப் பையனை வேலைக்காரங்க 'தோர்யோன்னிம்'னு கூப்பிடுவாங்க. சின்ன எசமான்னு நான் போட்டேன். பொருத்தமான வார்த்தை, யாருக்கும் சந்தேகம் வராது. ஷ்ரவணுக்கு அது பழைய சினிமா மாதிரி இருந்துச்சாம். வேற யோசின்னான்.

இங்க எங்கப்பாவைப் பத்திச் சொல்லியாகணும். லைன்மேனா இருந்து ரிட்டயர்டு ஆனவர். மழையிலயும் இடியிலயும் கம்பம் ஏறி ஏறித்தான் முட்டி போச்சு. ஊருக்குள்ள பெரிய தெருவுல அவர் பேரே 'லைனு'தான். பள்ளிக்கூடம் போற பொடிசு கூட, ஏ லைனு, எங்க வூட்டுல கரண்டு இல்ல, வந்து பாருன்னு கூப்பிடும். அப்பா, வர்றனுங்க சின்னவரேன்னு சொல்லிட்டு ஏணியைத் தோள்ல தூக்குவார். கரண்டு எல்லா வூட்டுக்கும் ஒரே மாதிரிதான் போச்சு, 'ங்க' மட்டும் ஒரு பக்கமாவே போச்சு. கொரியாக்காரன் ஒருத்தரைப் பாத்தா மொதல்ல வயசைக் கேப்பான், மூத்தவரா இருந்தா மரியாதை போடணுமே, அதுக்காக. எங்க ஊர்ல வயசைக் கேக்க மாட்டாங்க. எந்தத் தெருன்னு கேப்பாங்க.

இதையெல்லாம் நான் ஷ்ரவண்கிட்ட சொன்னதில்ல. சொல்லாமயே அவன் எப்படியோ மோப்பம் பிடிச்சுக்கிட்டு வந்து ஒரு யோசனை சொன்னான் பாருங்க, எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் எரிஞ்சுது. முடியாதுங்க, சின்ன எசமான்தான்னு சொல்லிட்டு போனை வெச்சுட்டேன். அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன், அவன் சொன்னபடியே தர்றேன்: "உங்க ஊர்ப்பக்கம் சாமின்னுதானே கும்பிட்டுக் கூப்பிடுவீங்க, அதைப் போடு ரோஸ், ஒரு ஆதென்டிக் டச் கிடைக்கும்."

அவன் எசமான்

அந்த எபிசோடு நெருங்குது. நான் எழுதி அனுப்பிட்டேன். 'நீ யாருடா?' அந்தக் கட்டத்துல வேற எழுத்தே கிடையாது. கங்முவோட முகம், தேயுனோட மணிக்கட்டு, இந்த ரெண்டு வார்த்தை. மனோஜ் அதுக்குன்னு கொஞ்சம் பெரிய எழுத்து எடுத்து வெச்சிருந்தான். பாத்ததுமே எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, பொய் சொல்லல.

அப்பத்தான் கம்பெனியில ஒரு சட்டம் போட்டாங்க. கதாநாயகங்க எல்லாரும் எல்லாக் கதையிலயும் 'நீங்கள்'னுதான் பேசணும். சீரா இருக்கணுமாம், குடும்பத்தோட படிக்கிறாங்களாம். நான் உக்காந்து பக்கம் பக்கமா விளக்கி எழுதினேன். இந்தக் கதையே அந்த 'நீ'யை நோக்கித்தான் போகுது, அவன் இத்தனை எபிசோடா குனிஞ்சு குனிஞ்சு 'நீங்கள்'னு சொன்னதே இந்த ஒரு 'நீ'க்காகத்தான், இதை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது வெறும் குதிரைச் சாணின்னு எழுதினேன். பதில் இல்ல. ஷ்ரவணுக்குப் போன் பண்ணினேன். ஹீரோ மரியாதை இல்லாம பேசினா நல்லாருக்காதுன்னான்.

சரிங்க, தேயுன் ஆரம்பத்துல இருந்தே எல்லாரையும் நீ, வாடா, போடான்னுதானே பேசறான், கங்முவோட அம்மாவைக் கூட 'அடியே'ன்னுதானே கூப்பிடறான், அதுக்கு ஒரு குடும்பமும் கோவிச்சுக்கலையான்னு கேட்டேன். ஷ்ரவண் கொஞ்சம் கூட யோசிக்கல. ரெண்டாங்கிளாஸ் புள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி சொன்னான்: "அவன் எசமான்தானே ரோஸ்."

கம்ப்யூட்டர் மரியாதை

நான் மாத்த மாட்டேன்னு சொன்னதால அவனே மாத்திட்டான். எப்படி? கங்மு பேசற வரியை எல்லாம் தனியாப் பிரிச்சு, எங்கெல்லாம் 'நீ' இருக்கோ அங்கெல்லாம் 'நீங்கள்'னு போடுன்னு கம்ப்யூட்டருக்கு ஒரு உத்தரவு. உத்தரவு போட்டவன் தமிழ்ப் பிரிவுக்கு எடிட்டர். 'நீ'ங்கிற எழுத்து தமிழ்ல வேற எந்தெந்த வார்த்தைக்குள்ள எல்லாம் குடியிருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிச்சானா? படிச்சுப் பாத்தானா? அதுவும் இல்ல. அப்படியே வெளியிட்டுட்டான்.

காலையில செயலியைத் திறந்து பாக்கறேன். கங்மு அம்மாகிட்ட 'வெந்நீங்கள்ர் குடிக்கிறீர்களா'ன்னு கேக்கறான். 'நீங்கள்ண்ட நாள் பொறுத்துவிட்டேன்'னு பெருமூச்சு விடறான். ஏற்கெனவே 'நீங்கள்'னு பேசின எடத்துல எல்லாம் 'நீங்கள்ங்கள்' ஆகி, அடிமைக்கு மேல அடிமையா நிக்கிறான். வாளை உருவிக்கிட்டு நடு முற்றத்துல நின்னு, வானமே அதிர்ற மாதிரி கத்தறான், 'நீங்கள்தி வேண்டும்!' அப்புறம் அந்தக் கட்டம். மனோஜ் எடுத்து வெச்ச அதே பெரிய எழுத்துல, 'நீங்கள் யாருடா?'

எனக்கு அழுகையா சிரிப்பான்னே தெரியல. அப்புறம் தெரிஞ்சுது, ரெண்டும் இல்ல, கோவம். எபிசோடுக்குக் கடைசியில மொழிபெயர்ப்பு ரோஸ்லின்னு என் பேரு மட்டும் பிழையில்லாம இருந்துச்சு. உத்தரவு போட்டவன் பேரு எங்கயும் இல்ல. ஜனங்க வரிசையா வந்து கீழ எழுதிக் கிழிச்சாங்க, கிழிக்கத்தான் செய்வாங்க, தப்பில்ல. அதுல மேலயே நின்னது இதுதான்: "ரோஸ்லின் மேடம், உங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்த டீச்சர் இப்ப நல்லா இருக்காங்களா?"

ரயில் போனதுக்கு அப்புறம்

மறுநாள் வீடியோ கூட்டம். நான், ஷ்ரவண், அவனுக்கு மேல இருக்கிற கிரீஷ், அவர் கன்னடக்காரர், தமிழ் புரியும். எங்க வூடு தண்டவாளத்துக்குப் பக்கம். நான் வாயைத் திறக்கிறேன், சேலம் போற ரயில் ஒண்ணு தடதடன்னு வந்துடுச்சு. கோவத்தை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு கடைசிப் பெட்டி போற வரைக்கும் உக்காந்திருந்தேன். அந்த நேரத்துல ஷ்ரவண் முந்திக்கிட்டான். நீதி, வெந்நீர் எல்லாத்தையும் சரி பண்ணிடலாம், அந்தக் கட்டத்துல 'டா'வை எடுத்துட்டு 'நீங்கள் யார்'னு போட்டுடலாம், முடிஞ்சுதுன்னான்.

நீங்கள் யார். தாசில்தார் ஆபீஸ்ல மனு குடுக்க வந்தவனை விசாரிக்கிற மாதிரி. அம்மாவை அடிக்க வந்தவனைப் பாத்து ஒரு மகன் கேக்கிற கேள்வி அது. வேண்டாங்க, 'நீ'தான் வரணுங்கன்னு சொன்னேன். ரூல் ரூல்தான்னான். ஒரு எழுத்துக்காக இவ்வளவு எமோஷனல் ஆகாதே, நீ கொஞ்சம் ப்ரொஃபஷனலா இருன்னான். ஆமா, நீ இருன்னான். கிரீஷ் முன்னாடியே சொன்னான்.

என் வாயில இருந்து அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. யோசிச்சுப் பண்ணல. குரலை ஒசத்தவும் இல்ல. "ஷ்ரவண், நீ அந்தக் கட்டத்தைப் படிச்சியா? படிச்சிருந்தா சொல்லு, படிக்கலைன்னா வாயை மூடு," அப்படின்னேன். நெட்டு போயிடுச்சான்னு பாத்தேன், இல்ல, அவன் கண்ணு சிமிட்டிக்கிட்டுதான் இருந்தான். அப்புறம் மெதுவா, இத்தனை நாள்ல எனக்குக் கிடைக்காத மரியாதை மொத்தத்தையும் ஒரே மூச்சுல அள்ளிப் போட்டான்: "என்னங்க, நீங்க போய் இப்படிப் பேசறீங்க?"

அப்பா கேட்டது

கிரீஷுக்கு ஒடனே புரிஞ்சுது. கன்னடத்துலயும் நீனு, நீவுன்னு ரெண்டு இருக்கே. லாயக்காரன் எசமானைப் பாத்து நீனுன்னு சொன்னா அது எவ்வளவு பெரிய விஷயம்னு அவருக்கு நான் சொல்லவே வேண்டியிருக்கல. அன்னைக்கே திருத்தச் சொல்லிட்டார். சாயங்காலம் பாத்தா வெந்நீர் வெந்நீரா இருந்துச்சு, நீதி நீதியா இருந்துச்சு, அந்தக் கட்டத்துல 'நீ யாருடா?' வந்து நின்னுச்சு. நான் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பாத்தேன்.

அடுத்த வாரம் கம்பெனியில இருந்து ஒரு மெயில். இந்தத் தொடர் முடியிற வரைக்கும் நான் எழுதலாமாம், அதுக்கப்புறம் புதுசா எதுவும் இப்போதைக்கு இல்லையாம். குழுவோட ஒத்துப் போகிறவங்களைத் தேடறாங்களாம். முழுக்க முழுக்க 'நீங்கள்', 'தங்கள்'னுதான் எழுதியிருந்தாங்க, மரியாதையில ஒரு குறையும் இல்ல. தருமபுரி பஸ் ஸ்டாண்டுல நின்னுக்கிட்டு அதைப் படிச்சேன். யாரையாச்சும் பிடிச்சு அறையணும்போல இருந்துச்சு.

வூட்டுக்கு வந்தா அப்பா கட்டில்ல காலை நீட்டிக்கிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அவர் போன்ல கங்மு கதையைத்தான் படிச்சுக்கிட்டு இருந்தார். மெயிலைப் பத்தி நான் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அந்தக் கட்டத்துக்கு வந்துட்டார். விரலால தள்ளாம அங்கயே நிறுத்தி ரொம்ப நேரம் பாத்தார். ரெண்டு விரலை வெச்சு எழுத்தைப் பெருசு பண்ணிப் பாத்தார். நல்லா இருக்குங்களாப்பான்னு கேட்டேன். கண்ணாடியைக் கழட்டிட்டு என்னைப் பாத்துக் கேட்டார்: "ஏம்மா, இப்படிப் பேசிட்டு அவனுக்கு அங்க வேலை இருந்துச்சா?"

ஆக, சக மொழிபெயர்ப்பாளர்களே, மரியாதையை மொழிபெயர்க்கிற வரைக்கும் இந்தத் தொழில்ல நமக்கு வேலை உண்டு, அதைக் கேட்டு வாங்கினா வேற தொழில் பாத்துக்க வேண்டியதுதான்.